இரண்டு சேலங்களும் ஒரு வயிற்றுவலியும்

எங்கள் அப்பாவின் ஊர் தர்மபுரிப் பக்கம். 1965 வரை அது சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. ஆயா இன்றும் ‘சேலம் ஜில்லா’ என்றுதான் சொல்வார். ஊர்த் தண்ணீரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று ஒருநாள் இரவு தேட உட்கார்ந்தபோது, அந்தப் பழக்கத்தில் ‘சேலம்’, ‘ஃபுளோரைடு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் தட்டினேன். வந்தது நம் சேலம் இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். அங்கே 1942இல் நடந்த ஒரு ராத்திரிச் சாப்பாட்டின் கதை என் திரையில் வந்து நின்றது.

இடம், ஒரிகன் மாநில மனநல மருத்துவமனை. (‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ படம் பின்னாளில் எடுக்கப்பட்டது இங்கேதான்.) நாள், 1942 நவம்பர் 18. அன்று இரவு நோயாளிகளுக்குக் கிளறிய முட்டை. அதில் கலக்கப் பால் பவுடர் வேண்டும். கிடங்கிலிருந்து எடுத்துவரச் சொல்லி ஒரு நோயாளியையே அனுப்பினார்கள். சமையலறையில் நோயாளிகள் ஒத்தாசை செய்வது அங்கே வழக்கம். அவர் அள்ளிவந்த வெள்ளைப் பொடி பால் பவுடர் இல்லை. கரப்பான்பூச்சிக்கு வைக்கிற சோடியம் ஃபுளோரைடு.

முட்டை உப்புக் கரிக்கிறது, சோப்பு மாதிரி இருக்கிறது என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மனநல மருத்துவமனையில் நோயாளி சொல்வதை யார் கேட்பார்கள்? சில நிமிடங்களிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்தார்கள். வாந்தி, வாந்தியில் ரத்தம், வயிற்றுப்போக்கு, பிறகு கைகால் இழுப்பு. நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தார்கள். 47 பேர் இறந்தார்கள். ஒரு வார்டில் மட்டும் நர்ஸ் ஒருவர் ஒரு வாய் ருசி பார்த்து, தனக்கே குமட்டிக்கொண்டு வந்ததும், யாரையும் சாப்பிட விடாமல் தட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வார்டு பிழைத்தது. போர்க்காலமாக இருந்ததால் எதிரி வேலையோ என்றுகூட முதலில் சந்தேகப்பட்டார்கள். சமையலறையில் நடந்தது வெளியே வரச் சில நாட்கள் ஆயின. பூச்சிமருந்துப் பொடியை மாவோடும் பாலோடும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அதற்குச் சாயம் ஏற்றி விற்கும் வழக்கம் இந்த மாதிரி விபத்துகளால்தான் வந்தது.

இதைப் படித்து முடித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தேடியது இதையில்லை. ஆனால் என் கேள்விக்கான பதிலின் ஒரு நுனி இதில் இருந்தது. ஃபுளோரைடு என்றால் நமக்கெல்லாம் பல் நினைவுக்கு வரும், கொஞ்சம் படித்தவர்களுக்கு எலும்பும் வரும். அந்த இரவு சேலத்தில் அது முதலில் தாக்கியது பல்லையும் இல்லை, எலும்பையும் இல்லை. வயிற்றை.

நான் தேடிக்கொண்டிருந்ததும் ஒரு வயிற்றைப் பற்றித்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆயாவுக்கு வயிறு சரியில்லை. இரண்டு கவளம் சாப்பிட்டதும் உப்பிக்கொள்ளும், குமட்டும். நாலு நாள் மலச்சிக்கல், அடுத்த இரண்டு நாள் பேதி. ‘வாய்வு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவர் முந்தானை முடிச்சில் சில்லறையோடு ஒரு ஜெலுசில் அட்டையும் இருக்கும். பல்லில் பழுப்புக் கோடுகள். வெற்றிலைக் கறை என்று நினைத்திருந்தேன். முட்டியை மடக்கி உட்கார வராது. வயசாச்சு என்றார்கள். வயிறு, பல், முட்டி: மூன்றும் மூன்று தனிக் கதைகளாகவே எங்கள் வீட்டில் இருந்தன. அவை ஒரே கதையாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வயிற்றில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வேதியியல்தான், பயப்படாதீர்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு ஓர் எதிர்மின் அயனி. உடம்பின் செல் சவ்வு கொழுப்பால் ஆனது, மின்னூட்டம் உள்ள எதையும் லேசில் உள்ளே விடாது. ஆனால் இரைப்பையில் இருப்பது நல்ல வீரியமான அமிலம், பிஹெச் 1, 2 என்ற அளவில். அங்கே போன ஃபுளோரைடு ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிவிடும். இதற்கு மின்னூட்டம் கிடையாது. காவலாளி தடுப்பதற்குக் காரணமே இல்லை. சவ்வைத் தாண்டி இரைப்பையின் உள்தோல் செல்லுக்குள் போய்விடும். செல்லுக்குள்ளே அமிலம் இல்லை என்பதால் மறுபடி இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் அமிலம், இன்னொரு பக்கம் ஃபுளோரைடு, இரண்டும் இப்போது செல்லுக்கு உள்ளே. கண்ணாடியையே அரிக்கிற ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இதே பொருள்தான். குடிதண்ணீரில் வருவது அதைவிடப் பல மடங்கு நீர்த்தது என்பதால் வயிறு உடனே ஓட்டையாகாது. ஆனால் வேலை அதே வேலை. மீதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. குடித்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போய்விடும்.

இதைத் தடுக்கிற ஒரு பொருள் நம் சமையலறையிலேயே இருக்கிறது: கால்சியம். வயிற்றில் பால் இருந்தால் ஃபுளோரைடு அதிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடும். ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே வெளியே போகும். ஃபுளோரைடு விஷத்துக்குப் பால் கொடுப்பது இதனால்தான். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பால் வாங்க வசதியில்லாதவர், விடிகாலையில் வெறும் வயிற்றோடு காட்டு வேலைக்குப் போகிறவர், வெயிலில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறவர், இவருடைய வயிறுதான் அதிகமாக அடிவாங்கும். ஒரே கிணற்றுத் தண்ணீர் ஊரில் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்காது.

இந்த வயிற்று நோவை முதலில் ஒழுங்காக எழுதிவைத்த இடம் இந்தியாவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. டென்மார்க்.

கிரீன்லாந்தில் இவிட்டூட் என்ற இடத்தில் கிரையோலைட் என்று ஒரு கனிமம் கிடைத்தது. பார்க்கப் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பெயருக்கும் பனிக்கல் என்றுதான் பொருள். சோடியம், அலுமினியம், ஃபுளோரின் மூன்றும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து சோடா எடுத்தார்கள். பிறகு அலுமினியம் உருக்க அது இல்லாமல் முடியாது என்றானது. கப்பலில் கோப்பன்ஹேகன் கொண்டுவந்து, அங்கே ஒரு தொழிற்சாலையில் உடைத்து, பொறுக்கி, அரைத்தார்கள். கையால் கல் பொறுக்கும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஆலை முழுக்கத் தூசி. தூசி மூக்கில் போவது பாதி, வாயில் போய் விழுங்கப்படுவது பாதி.

1930களின் தொடக்கத்தில் ஃப்ளெமிங் முல்லர், குட்யோன்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தத் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். அவர்கள் தேடியது நுரையீரலில் கல்தூசி நோய். படத்தில் தெரிந்ததோ வேறு. எலும்புகள் வழக்கத்துக்கு மாறாக வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்த மாதிரி கெட்டியாக இருந்தன. 1932இல் இதை வெளியிட்டார்கள். ஃபுளோரைடு எலும்பை என்ன செய்யும் என்பதை மனிதர்களிடம் கண்டுபிடித்தது இப்படி, வேறு எதையோ தேடப் போய்.

அதன் பிறகு காய் ரோஹோல்ம் என்ற இளம் மருத்துவர் இதைக் கையில் எடுத்தார். தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார், சோதித்தார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1937இல் ‘ஃபுளோரின் இன்டாக்சிகேஷன்’ என்ற பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். இன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்தத் தொழிலாளர்கள் அவரிடம் சொன்ன குறைகளில் வயிறு முன்னால் நின்றது: பசியில்லை, குமட்டுகிறது, வாந்தி வருகிறது. எலும்பு கெட்டியாகிப் படத்தில் தெரிய வருடங்கள் ஆகும். வயிறு அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

ரோஹோல்மின் புத்தகம் வந்த அதே 1937இல் சென்னையிலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த ஹென்றி எட்வர்ட் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதியது. ‘சென்னை மாகாணத்தில் வட்டார ஃபுளோரைடு நோய்’ என்பது பொருள். மாகாணம் என்றால் அன்று நெல்லூரும் அதற்குள் அடக்கம். நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் நடுவயதிலேயே முதுகு இரும்புக் கம்பி மாதிரி விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், கடைசியில் நடக்கவே முடியாமல் போனவர்களை அவர்கள் பார்த்தார்கள். அதற்கு முன்பே விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க மறுத்ததை அவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். (இதே ஷார்ட் பத்து வருடம் கழித்து, மலேரியாக் கிருமி மனித ஈரலில் ஒளிந்திருப்பதைக் கார்ன்ஹாமோடு சேர்ந்து கண்டுபிடித்தார். மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் நிற்பது அதனால்தான். நெல்லூர் மாடுகள் அவருக்கு அடிக்குறிப்பாகிவிட்டன.)

இங்கேதான் எனக்கு உறுத்தல் தொடங்குகிறது. கோப்பன்ஹேகனில் வயிற்றைப் பற்றி எழுதியாயிற்று. சென்னையில் எலும்பைப் பற்றி எழுதியாயிற்று. அடுத்த நாற்பது ஐம்பது வருடம் வயிறு எங்கே போனது?

இரண்டு காரணம் என்று நினைக்கிறேன். ஒன்று, பல்லையும் முதுகையும் போட்டோ எடுக்கலாம். எக்ஸ்ரேயில் காட்டலாம். ‘சாப்பிட்டதும் குமட்டுது’ என்பதைப் படம் எடுக்க முடியாது. அதுவும் ஏழை நாட்டுக் கிராமத்தில் வயிற்றுவலிக்கா பஞ்சம்? பூச்சி, சீதபேதி, காரம், பட்டினி என்று நூறு காரணம் கையில் இருக்கிறது. இரண்டாவது காரணம், 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் பல் சொத்தையைக் குறைக்கக் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது. அதோடு விவாதம் முழுவதும் பல்லுக்கு இடம் மாறிவிட்டது. சேர்க்கலாமா கூடாதா என்று பணக்கார நாடுகள் இன்றுவரை சண்டை போடுகின்றன. நிலத்தடியிலிருந்து ஐந்தும் பத்தும் மில்லிகிராமாகத் தானே வந்து சேர்கிற ஊர்கள் அந்தச் சண்டையில் யார் கண்ணிலும் படவில்லை.

இதற்கிடையில் வேடிக்கையாக ஒன்று நடந்தது. ஃபுளோரைடு எலும்பைக் கெட்டியாக்கும் என்றால், எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? 1960களிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மேயோ கிளினிக்கில் ரிக்ஸ் என்பவரின் குழு 202 பெண்களை வைத்து நான்கு வருடம் நடத்திய சோதனை 1990இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குத் தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை, மற்ற எலும்பு முறிவுகள் அதிகமாயின. எலும்பு கெட்டியானது, பலமாகவில்லை. நான் கவனித்தது வேறொரு வரி. பக்கவிளைவு தாங்காமல் அளவைக் குறைக்க வேண்டிவந்தவர்கள் ஃபுளோரைடு குழுவில் 54 பேர், மற்றதில் 24 பேர். முக்கியமான பக்கவிளைவு இரண்டு: வயிற்றுக் கோளாறு, கால்வலி. அந்த மாத்திரையைக் குடிதண்ணீரிலேயே வாங்கிக்கொண்டிருந்த ஊர்களில் வயிறும் காலும் என்ன சொல்லியிருக்கும்?

கணக்குப் போட்டேன். தொழில் புத்தி. 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடில் ஃபுளோரைடு மட்டும் சுமார் 34 மில்லிகிராம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் உழைப்பவர் ஒரு நாளைக்கு 5 லிட்டர் குடித்தால் 25 மில்லிகிராம். சோதனைக்கு ஒப்புக்கொண்ட பெண்கள் நான்கு வருடம், அளவைக் குறைக்கும் வசதியோடு எடுத்த மருந்துக்குப் பக்கத்தில் வருகிற அளவை, கிணற்றுக்காரர் ஆயுள் முழுக்க எடுக்கிறார். அவருக்கு யாரும் அளவைக் குறைக்கவில்லை.

1989இல் ஸ்வீடனில் ஒரு குழு நேராக வயிற்றுக்குள்ளேயே பார்த்தது. ஆரோக்கியமான 12 பேர், தாமாக முன்வந்தவர்கள். 20 மில்லி தண்ணீரில் 20 மில்லிகிராம் ஃபுளோரைடு. குடிக்கவைத்துவிட்டு, எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் உள்தோலில் சிவப்புப் புள்ளிகளாக ரத்தக் கசிவு, அரிப்பு. அதே குழுவினர் பல் மருத்துவர்கள் பூசும் ஃபுளோரைடு ஜெல்லை வைத்தும் பார்த்தார்கள், அங்கும் காயம். இதில் முக்கியமானது, காயம் பட்டவர்களில் குறைந்த பேருக்குத்தான் குமட்டல் வந்தது. அதாவது வயிறு சத்தம் போடாமலும் புண்ணாகும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அவர்கள் கொடுத்த கரைசல் கிணற்றுத் தண்ணீரைவிடப் பல மடங்கு செறிவானது. ஆகவே அதைக் கொண்டு கிராமத்து வயிறும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கிராமத்து வயிற்றைத் தேடிப் போனவர் டெல்லி எய்ம்ஸில் இருந்த ஏ. கே. சுசீலா. ஃபுளோரைடு நோயிலேயே வாழ்க்கையைச் செலவிட்டவர். அவரும் சகாக்களும் 1980களில் முயல்களுக்கு நீண்ட காலம் ஃபுளோரைடு கொடுத்து, சிறுகுடலின் முதல் பகுதியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்தப் பரப்பை வெடித்த களிமண் போலிருந்தது என்று விவரித்தார்கள். வறண்ட ஏரியின் அடித்தரை எப்படிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அது.

அங்கே வெடித்தது என்ன என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். நம் குடலின் உட்புறத்தில் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் இருக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு உறிஞ்சியின் மேல் செல்லிலும் இன்னும் நுணுக்கமாகத் தூரிகை மயிர் மாதிரி நுண்ணுறிஞ்சிகள் உண்டு. சாப்பாட்டிலிருந்து சத்தை எடுப்பது இந்தத் தூரிகைதான். அது உதிர்ந்துபோனால் சாப்பிட்டது சாப்பிட்டபடி கீழே போகும்.

பிறகு மனிதர்களுக்கு வந்தார்கள். 1990களின் முதல் பாதியில் எய்ம்ஸ் குழு, எலும்பில் ஃபுளோரைடு நோய் உறுதியானவர்களின் வயிற்றையும், புண் எதுவும் இல்லாமலே அஜீரணத்தால் அவதிப்பட்டவர்களின் வயிற்றையும் எண்டோஸ்கோப்பில் பார்த்து, துளி சதையை எடுத்துச் சோதித்தது. நுண்ணுறிஞ்சிகள் குறைந்திருந்ததை மனிதர்களிடமும் கண்டது. இரண்டாவது வகையினர்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தார்கள். எண்டோஸ்கோப்பில் புண் தெரியாது, ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும், ஆனாலும் வயிறு உப்பும், குமட்டும். அப்படிப்பட்டவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் குடிக்கும் தண்ணீரிலும் ஃபுளோரைடு அதிகமாக இருந்தது. ‘ஒண்ணுமில்லம்மா, கேஸ் பிராப்ளம்’ என்று ஆயாவை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

இவை சிறிய ஆய்வுகள். ஒவ்வொன்றிலும் இருந்தவர்கள் பத்துப் பேர், இருபது பேர். வயிறு உப்புகிற எல்லோருக்கும் காரணம் ஃபுளோரைடு என்று இவற்றைக் காட்டிச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். ஆனால் சுசீலா தொடர்ந்து எழுதிவந்த ஒரு விஷயத்தை ஒதுக்கவும் முடியவில்லை: நல்ல தண்ணீருக்கு மாறினால் வயிற்றுக் குறைகள் சில வாரங்களுக்குள்ளேயே விலகத் தொடங்குகின்றன. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிற தோல் என்பதால் இது நம்பத்தக்கது. பல்லில் விழுந்த கோடு போகாது. விறைத்த முதுகு நிமிராது. வயிறு மட்டும்தான் திரும்பி வரும். அதனால்தான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

அவரது குழு 2010இல் டெல்லிக் கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. ரத்தசோகை உள்ள, சிறுநீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள பெண்களுக்கு, ஃபுளோரைடைத் தவிர்க்கவும் சத்தாகச் சாப்பிடவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியது, எடை குறைந்த குழந்தைகள் குறைந்தார்கள். இரும்பு மாத்திரையை விழுங்கினாலும் உறிஞ்சத் தூரிகை இல்லாவிட்டால் என்ன பயன் என்பது அவர்கள் வாதம். சாப்பாட்டையும் சேர்த்து மாற்றியதால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். என்னை மாதிரி பொறியியல் படித்தவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குமிழைத் திருகினால் எரிச்சல் வரும். கர்ப்பிணிக்குச் சத்துணவு கொடுக்காமல் சோதனை நடத்த முடியாது என்பதும் தெரியும்.

இப்போது உங்களில் சிலர் குளியலறைக்குப் போய்ப் பற்பசைக் குழாயைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். உட்காருங்கள். பட்டாணி அளவு பற்பசையில் இருப்பது அரை மில்லிகிராமுக்கும் குறைவு, அதையும் நீங்கள் துப்பிவிடுகிறீர்கள். அமெரிக்காவில் குடிநீரில் சேர்க்கச் சொல்லும் அளவு 2015 முதல் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் உச்சவரம்பு 1.5. நான் இதுவரை சொன்ன வயிறுகள் அதற்கு மேலே வெகுதூரத்தில் இருந்தவை. ஃபுளோரைடு மூளையைக் கழுவும் சதி என்று உங்களுக்கு வரும் வீடியோக்களுக்கு ஆயாவின் பெயரைக் கடன் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சின்னத் தம்பி தங்கை யாராவது இனிப்பாக இருக்கிறதென்று பற்பசையைப் பிதுக்கித் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்தால், இப்போது காரணம் தெரியும் உங்களுக்கு. பால் கொடுங்கள், உங்கள் நாட்டின் விஷ ஆலோசனை எண்ணைக் கூப்பிடுங்கள்.

சேர்ப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். 1992 மே மாதம் அலாஸ்காவில் ஹூப்பர் பே என்ற சிற்றூரில் ஃபுளோரைடு சேர்க்கும் அமைப்பு பழுதாகி, தண்ணீரில் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போனது. முந்நூறு பேருக்குப் பக்கத்தில் குமட்டல், வாந்தி, பேதி, வயிற்றுவலி என்று படுத்தார்கள். ஒருவர் இறந்தார். அங்கேயும் முதலில் சொன்னது வயிறுதான்.

நம் சேலத்துக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரம் முழுக்கப் பழங்காலப் பாறை. அந்தப் பாறையிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. தண்ணீர் அதில் எவ்வளவு காலம் ஊறுகிறதோ அவ்வளவு இறங்கும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து சோடா உப்பு கூடிய தண்ணீரில் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்திருக்கும். வயிற்றில் பால் செய்யும் அதே வேலைதான், பூமிக்கடியில்.

திறந்த கிணற்றிலும் குளத்திலும் காலரா இருக்கிறது, ஆழத்தில் துளைபோட்டால் கிருமியில்லாத தண்ணீர் கிடைக்கும் என்று 1960களின் கடைசியிலிருந்து நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணம், நிறைய உயிர்களைக் காப்பாற்றியது. இந்தியா மார்க் 2 கைப்பம்பைச் சோதித்தது கோயம்புத்தூர்ப் பக்கம், செய்தது சென்னையில். நம்மாட்களுக்கு அதில் பங்கு உண்டு. கடினப் பாறைக்குள் இருந்து அந்தப் பம்பு எதையெல்லாம் சேர்த்து மேலே கொண்டுவரும் என்று அப்போது யாரும் எல்லாத் துளையிலும் அளந்து பார்க்கவில்லை. கிருமிக்குப் பயந்து மூடிய கிணற்றிலும் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்திருக்கும். ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் கூடியது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவு.

2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் போராட்டம், இங்கே பதில் போராட்டம் என்று அந்த வருடம் செய்தியெல்லாம் காவிரி அரசியல்தான். எங்கள் வீட்டிலும் அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருந்ததை நான் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2013இல் தண்ணீர் வந்தது. ஊருக்குள் ஒரு குழாய் வந்தது.

போன வாரம் ஆயாவைக் கூப்பிட்டேன். “காவேரித் தண்ணிதான குடிக்கற ஆயா?” என்றேன்.

“குடிக்கறதுக்கு அதுதான் கண்ணு. வராத நாளைக்கு போர் தண்ணி. சோறு, கொழம்புக்கெல்லாம் எப்பவும் போர் தண்ணிதான்.”

“அதையும் மாத்தக்கூடாதா? கொதிக்க வச்சாலும் அது போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அதிகமாத்தான் ஆகும்.”

“காவேரித் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுடா. போர் தண்ணியில போட்டா அப்பிடியே பூவா மலந்துரும்.”

அவர் சொன்னது வேதியியல்படி சரி. கால்சியம் குறைந்து சோடா கூடிய தண்ணீரில்தான் பருப்பு குழைந்து வேகும். சித்தப்பாவிடம் ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துப்போய் தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நடவு முடிந்ததும் போகிறேன் என்றார்.